பைய

சித்தி போய் ஒன்பது மாதம் ஆகியிருந்தது. துக்க வருஷம் என்பதால் அந்த ஆண்டு சித்தப்பா வீட்டில் தீபாவளி கிடையாது. எண்ணெய்ச் சட்டி வைக்கக்கூடாது, புதுத்துணி கூடாது. மும்பைப் பக்கம் கல்யாணில் அவர் இருக்கும் கட்டடத்தில் மற்ற எல்லா வீட்டிலிருந்தும் சக்லி வாசனை வந்துகொண்டிருக்க, மனிதர் கதவைச் சாத்திக்கொண்டு தனியாக உட்கார்ந்திருப்பார் என்று நினைத்தாலே எனக்கு என்னவோ செய்தது. தம்பி துபாயில் இருக்கிறான், வர முடியாது. "எங்கேயாவது நாலு நாள் போயிட்டு வரலாமா சித்தப்பா?" என்று போனில் கேட்டேன்.

"எங்கட்டி போக?" என்றார். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "ரயில்ல போற இடமா இருந்தா வாரேன்."

இது 2023 நவம்பரில், தீபாவளிக்கு முந்தின வாரம். தீபாவளி முடிந்துவிட்டால் மும்பையே மூட்டை கட்டிக்கொண்டு மலைக்குக் கிளம்பிவிடும். அதற்கு முன்னால் போய்த் திரும்பிவிட வேண்டும் என்பது என் கணக்கு. மாத்தேரானில் இரண்டு ராத்திரி, லோனாவாலாவில் ஒரு ராத்திரி. சித்தப்பா திருநெல்வேலியிலிருந்து இருபது வயதில் வந்து ரயில்வேயில் சேர்ந்தவர். எஞ்சின் ஓட்டுநர். பாதி சர்வீஸ் கர்ஜத்–லோனாவாலா மலைப்பாதையில்தான், அவர்கள் பாஷையில் 'காட் செக்‌ஷன்'. ஓய்வு பெற்ற பிறகு ஒரு தடவைகூட அந்தப் பக்கம் போனதில்லை என்றார். எனக்கு அது தெரியாது.

பள்ளிக்கூடத்தில் இலையுதிர் காலம் என்று ஒன்று படித்தோம். எங்கே உதிர்ந்தது என்று நான் பார்த்ததே இல்லை. ஊரில் ஐப்பசி என்றால் அடைமழை. கூதிர் என்று பழைய கணக்கில் சொல்வார்கள், ஐப்பசியும் கார்த்திகையும். மும்பையில் எல்லாம் தலைகீழ். இங்கே மழை அக்டோபரில் விடைபெற்று, காற்றுத் திரும்பி நம் ஊர்க் கடற்கரைக்குப் போய்விடும். நாங்கள் 'அக்டோபர் ஹீட்' என்று விசிறிக்கொண்டிருப்போம். கோஜாகிரி பௌர்ணமிக்குப் பக்கத்து மராட்டி வீட்டிலிருந்து ஏலக்காயும் குங்குமப்பூவும் போட்ட பால் வரும். அதற்குச் சில வாரம் கழித்து ஒரு காலையில் குழாய்த் தண்ணீர் சில்லென்று இருக்கும். அப்போது மலைப்பக்கம் போனால், ஜூலையில் கண்ணைப் பறித்த பச்சைப் புல்லெல்லாம் மஞ்சளாகி, வைக்கோல் மாதிரி மணத்துக்கொண்டு நிற்கும். எங்களுக்கு இலையுதிர் காலம் என்றால் இந்தப் புல் காயும் காலம்தான். மூன்று, நான்கு வாரம். அவ்வளவுதான்.

நான் முலுண்டில் ஏறினேன். அவருக்கு ஜன்னல் சீட் பிடித்து வைத்துக்கொண்டேன். காலை நேரத்துக் கர்ஜத் லோக்கலில் சீட் பிடிப்பதற்கு அவசியமே கிடையாது, கூட்டமெல்லாம் எதிர்த்திசையில் போகிறது. ஆனாலும் பையைப் போட்டு வைத்தேன். இருபத்தாறு வருஷப் பழக்கம். மூன்று பேர் உட்காரும் பலகையில் நான்காவது ஆளாக அரை இடுப்பை ஒட்டவைத்து, ஒரு காலை நடைவழியில் ஊன்றி, தாதர் வரை அப்படியே போவதற்கு மும்பையில் 'ஃபோர்த் சீட்' என்று பெயர். அதுவும் கேட்டுத்தான் வாங்க வேண்டும். அந்த இடுப்புக்கு, காலியான பெட்டியில் ஒரு முழு இருக்கை கிடைத்தால் என்ன செய்வதென்றே தெரியவில்லை. நான் பலகை ஓரத்திலேயே உட்கார்ந்திருந்தேன். கல்யாணில் ஏறிய சித்தப்பா என்னை ஒரு பார்வை பார்த்தார். "உள்ள தள்ளி உக்காரு. யாரு வரப்போறா?"

இந்தப் பழக்கம்தான் முதல் நாளே காலை வாரியது. நேரலிலிருந்து மாத்தேரானுக்குப் போகும் குட்டி ரயிலுக்கு டிக்கெட் அங்கேயே கவுன்ட்டரில், வண்டி கிளம்பச் சற்று முன்னால்தான் கொடுப்பார்கள். இருப்பதோ கொஞ்சம் சீட்டு. ஒரு மணி நேரம் முன்னால் போய் வரிசையில் நிற்பது உத்தமம். நான் என்ன செய்தேன்? லோக்கல்காரி புத்தியோடு, பதினைந்து நிமிடம் முன்னால் போய்ச் சேர்கிற மாதிரி கணக்குப் போட்டிருந்தேன். வேலைக்குப் போகும்போது பதினைந்து நிமிடம் என்பது ஒரு யுகம் அல்லவா. எங்களுக்கு முன்னால் ஒன்பது பேர் இருக்கும்போதே டிக்கெட் தீர்ந்துவிட்டது.

சித்தப்பா திட்டுவார் என்று பார்த்தேன். அவர் அங்கே காட்சிக்கு வைத்திருக்கும் பழைய நீராவி எஞ்சினைச் சுற்றி இரண்டு ரவுண்டு வந்துவிட்டு, "சரி, இறங்கும்போது இதுல வருவோம். மலைன்னா ஏத்தம் பெருசில்ல. இறக்கம்தான் பாக்கணும்" என்றார். ஷேர் டாக்சியில் தஸ்தூரி நாக்கா வரை ஏறினோம். அந்தப் பயணத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. வளைவுக்கு வளைவு கண்ணை மூடிக்கொண்டேன்.

தஸ்தூரியோடு எந்த மோட்டார் வண்டியும் நின்றுவிட வேண்டும். மாத்தேரானுக்குள் கார், பைக் எதுவும் கிடையாது. நாங்கள் போனபோது குதிரை, ஆள் இழுக்கும் ரிக்‌ஷா, நடை. அதற்கு முன்பே பேட்டரி ரிக்‌ஷாக்களைச் சோதனைக்கு விட்டிருந்தார்கள். (மனிதனை மனிதன் இழுப்பதை ஆறு மாதத்துக்குள் நிறுத்த வேண்டும் என்று 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்தச் செம்மண் ஏற்றத்தில் மூன்று பேர் சேர்ந்து ஒரு குடும்பத்தைத் தள்ளிக்கொண்டு போவதைப் பார்த்தவர்களுக்கு, அது ஏன் இவ்வளவு தாமதம் என்றுதான் தோன்றும்.) அமன் லாட்ஜ் ஸ்டேஷனிலிருந்து ஊர் வரை ஷட்டில் ரயில் இருக்கிறது. மூன்று கிலோமீட்டர்கூட இல்லை. அதில் போனோம். அன்றைய வண்டி ஆசைக்கு அது ஒரு ஸ்பூன் பாயசம்.

தாணா கலெக்டராக இருந்த ஹியூ மாலெட் என்ற வெள்ளைக்காரர் 1850இல் இந்த மலைமேல் ஏறிப் பார்த்ததிலிருந்து ஊரின் கதை தொடங்குகிறது. வெயிலுக்குப் பயந்த துரைமார்கள் பங்களா கட்டினார்கள். ஆனால் ரயில் போட்டது துரை இல்லை, பம்பாய் வியாபாரி சர் ஆதம்ஜி பீர்பாய் குடும்பம். பணம் அப்பாவுடையது, வேலை மகன் அப்துல் ஹுசைனுடையது. 1904இல் தொடங்கி 1907இல் முடித்தார்கள். செலவு 16 லட்ச ரூபாய். இரண்டே அடி அகலத் தண்டவாளம், ஏறத்தாழ 21 கிலோமீட்டர். சில இடங்களில் இருபதடிக்கு ஓரடி ஏற்றம். ஊட்டி வண்டிக்காவது நடுவில் பல் சக்கரம் உண்டு. இதற்கு அதுவும் கிடையாது. மலையைச் சுற்றிச் சுற்றித்தான் ஏற வேண்டும்.

மறுநாள் விடிந்ததும் ஷார்லட் ஏரிக்கு நடந்தோம். நடந்தோம் என்றால், நான் முன்னால் நூறடி போய் நின்று திரும்பிப் பார்ப்பேன், அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வருவார். மறுபடி நூறடி. "எதுக்குட்டி ஓடுத? ஏரி எங்க போயிடும்? பைய வா."

பைய. எங்கள் திருநெல்வேலிப் பக்கத்துச் சொல். மெதுவாக என்பதில் ஒரு கட்டளை இருக்கிறது. பைய என்பதில் அது கிடையாது. அப்பா சோறூட்டும்போது சொல்வார், "பையத் தின்னா பனையையும் திங்கலாம்" என்று. மும்பைக்கு வந்த எங்கள் வீட்டில் அந்தச் சொல் எப்போது தொலைந்தது என்று எனக்கு நினைவில்லை.

காட்டுப்பாதை முழுக்கச் சிவப்புப் புழுதி. காலில் வெள்ளை ஷூ போட்டுப் போன என்னைச் சொல்ல வேண்டும். மேலே வெயிலே தெரியாத அளவுக்கு மரங்கள் பின்னிக் கிடந்தன; ஒன்றும் இலை உதிர்த்திருக்கவில்லை. எல்லாம் பசுமை மாறாத சாதி. நாவல் மரத்தை எனக்கே அடையாளம் தெரிந்தது. இன்னொரு மரம், குட்டையாக, கெட்டியான இலையோடு எங்கே பார்த்தாலும் நின்றது. வழியில் தேநீர் விற்ற அம்மாவிடம் கேட்டேன். "அஞ்சனி" என்றார். அறைக்கு வந்து செல்பேசியில் தேடிப் பார்த்தால், அது நம் காயா மரம். காயாம்பூ வண்ணன் என்று பெருமாளைப் பாடுகிறோமே, அந்தக் காயா! ஐம்பது வயது வரை பாட்டில் மட்டுமே கேட்ட மரத்தைத் தாண்டித்தான் காலை முழுக்க நடந்திருக்கிறேன், பெயர் தெரியாமல். பூக்கும் காலம் இல்லை. நீலம் எப்படி இருக்கும் என்று பார்க்கக் கோடையில் மறுபடி வர வேண்டும்.

ஏரி பெரியது ஒன்றுமில்லை. ஒரு பக்கம் அணை, மற்ற பக்கமெல்லாம் காடு இறங்கி வந்து தண்ணீரைத் தொடுகிறது. ஊருக்குக் குடிதண்ணீர் இதுதான் என்பதால் யாரும் இறங்கிக் குளிக்கக்கூடாது. பக்கத்திலேயே பிசார்நாத் கோவில், ஊருக்குக் காவல் தெய்வமாக இருக்கிற சிவன். சித்தப்பா கோவிலுக்குள் வரவில்லை. துக்க வருஷம். அணைச் சுவரில் உட்கார்ந்து தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் கும்பிட்டுவிட்டு வந்து பொட்டலத்தைப் பிரித்தேன், மிளகாய்ப்பொடி தடவிய இட்லி. ஒன்றை எடுத்து அவர் கையில் வைப்பதற்குள் சுவரின் அந்தப் பக்கத்திலிருந்து ஒரு குரங்கு வந்தது. அவசரமே படவில்லை. நிதானமாகப் பொட்டலத்தை முழுசாக எடுத்துக்கொண்டு, மரத்தில் ஏறி, முதல் கடியிலேயே காரம் உறைத்து, முகத்தைச் சுளித்து, இட்லியை ஒவ்வொன்றாகத் தண்ணீரில் போட ஆரம்பித்தது. குடிதண்ணீர் ஏரியில்! நான் பதறிக் கத்த, சித்தப்பா சிரித்தார். ஒன்பது மாதத்தில் அவர் சிரித்து நான் கேட்ட முதல் தடவை. "உங்க சித்தி பொடிக்கு இதே மூஞ்சிதான் நானும் வைப்பேன்" என்றார்.

மூன்றாம் நாள் குட்டி ரயிலில் இறங்கினோம். இந்தத் தடவை ஒன்றரை மணி நேரம் முன்னாலேயே போய் வரிசையில் முதலாவதாக நின்றேன். முந்தி நிற்பதும் அவசரம்தான் என்று அவர் சொல்லிக் காட்டினார். சரி, டிக்கெட் கிடைத்ததல்லவா.

அந்தப் பெட்டியில் உட்கார்ந்தால் எதிர் ஆளின் முழங்கால் நம் முழங்காலில் இடிக்கும். வண்டி ஓடுவது நாம் வேகமாக நடப்பதைவிடக் கொஞ்சம் அதிகம். ஜன்னலுக்கு வெளியே கை நீட்டினால் மஞ்சள் புல் விரலில் படுகிறது. ஒரு வளைவில் நம் வண்டியின் எஞ்சினையே எதிரே பார்க்கலாம். முன்பெல்லாம் பெட்டிகளுக்கு நடுவில் பிரேக்மேன்கள் நின்றுகொண்டு, எஞ்சின் விசில் கொடுத்தால் கையால் சக்கரத்தைச் சுற்றி பிரேக் போடுவார்களாம். வாட்டர் பைப் என்று ஒரு ஸ்டேஷன், ஜும்மா பட்டி என்று ஒரு ஸ்டேஷன். பாதை முழுவதற்கும் ஒரே ஒரு சுரங்கம். அதன் பெயர் 'ஒன் கிஸ் டனல்', அவ்வளவுதான் நீளம். எதிரே இருந்த காலேஜ் பையன் ஒருவன் சத்தமாக விளக்கம் சொல்ல, சித்தப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு மலையில் என்னவோ ரொம்ப அக்கறையாகத் தேடினார்.

நேரலிலிருந்து லோக்கலில் கர்ஜத். அங்கிருந்து லோனாவாலாவுக்கு எக்ஸ்பிரஸ் பிடிக்க வேண்டும். 2021இலிருந்து மும்பை–புனே வண்டிகள் சிலவற்றில் கூரைவரை கண்ணாடி வைத்த விஸ்டாடோம் பெட்டி இருக்கிறதே, அதில் போகலாமா என்று கேட்டிருந்தேன். "கண்ணாடிக்குப் பின்னால உக்காந்து பாக்க அது என்ன மீன் தொட்டியா? ஜன்னல் திறக்கணும், சத்தம் கேக்கணும்." சாதாரண இரண்டாம் வகுப்புதான்.

கர்ஜத்துக்கு மேலே பாதை 37 அடிக்கு ஓரடி ஏறுகிறது. காகிதத்தில் பார்த்தால் சாதாரணம். பெரிய ரயில்பாதைக்கு அது செங்குத்து. அதனால் ஏறும் வண்டிகள் பெரும்பாலானவற்றுக்குக் கர்ஜத்தில் பின்னாலிருந்து தள்ள எஞ்சின் மாட்டுவார்கள். பேங்கர் என்று பெயர். மாட்டுகிற அந்தச் சில நிமிடம் வண்டி நின்றாக வேண்டும். கர்ஜத் வடைக்கு இத்தனை பெயர் வந்ததே அந்த நிமிடங்களால்தான். நாங்களும் வாங்கினோம். சித்தப்பா வடையைக் கையில் வைத்துக்கொண்டு தின்னவில்லை, தலையைச் சாய்த்துக் காத்திருந்தார். பின்னாலிருந்து மெல்ல ஒரு இடி வந்தது. தேநீர்க் கோப்பையில் ஒரு வட்டம் விரிந்து அடங்கியது. "ம், நல்லா மாட்டுதான்" என்றார். அப்புறம்தான் வடையைக் கடித்தார்.

பேங்கரில்தான் அவர் பல வருஷம் இருந்தார். யோசித்துப் பார்த்தால் விநோதமான வேலை. முழு வண்டியையும் தள்ளிக்கொண்டு மேலே போகிறோம், ஆனால் முன்னால் என்ன இருக்கிறது என்று தெரியாது. தெரிவதெல்லாம் கடைசிப் பெட்டியின் முதுகு. மேலே போனதும் கழற்றிவிட்டால் வெறும் எஞ்சினாகத் திரும்பி இறங்க வேண்டும். "பயணிக எவனுக்கும் நாங்க இருக்கதே தெரியாது" என்றார், பெருமையா வருத்தமா என்று பிடிபடாத குரலில். அவர் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் கல்யாண் பக்கம் ஒரு பழைய எஞ்சின் வகை மிச்சம் இருந்ததாம். 1920களின் கடைசியில் இந்த மலைக்கென்று சுவிட்சர்லாந்து மாதிரியில் செய்தது, நீளமான மூக்கு இரண்டு பக்கமும். அந்தச் சாதி எஞ்சினை அந்த நாட்டில் முதலை என்பார்கள். இங்கே நம் ஆட்கள் வைத்த பெயர் 'கேக்டா', நண்டு. நின்றுகொண்டிருக்கும்போதே முனகுமாம். வாயாலேயே அந்த முனகலைச் செய்து காட்டினார். பக்கத்து சீட்டுக் குழந்தை பயந்து அம்மா மடியில் ஏறிக்கொண்டது.

இந்தப் பாதை 1863இல் திறந்தது. 25 சுரங்கங்கள், அத்தனையும் மனிதக் கையால். ஒரு கட்டத்தில் 42,000 பேர் வேலை செய்தார்கள். காலராவிலும் பாறை வெடியிலும் செத்தவர்களின் கணக்குச் சொல்லி முடியாது. ஒப்பந்தம் எடுத்து வந்த சாலமன் டிரெட்வெல் என்ற ஆங்கிலேயர் 1859இல் கரையிறங்கிச் சில வாரத்திலேயே நோயில் இறந்துவிட்டார். அவர் மனைவி ஆலிஸ் ஒப்பந்தத்தைத் தன் பெயருக்கு எடுத்துக்கொண்டு, பொறியாளர்களை நியமித்து வேலையை முடித்துக் கொடுத்தார். கணவனைப் புதைத்த கையோடு ஒரு மலையை. சுரங்கத்துக்குச் சுரங்கம் இருட்டும் பள்ளத்தாக்கும் மாறி மாறி வந்துகொண்டிருக்க இதைச் சித்தப்பாவிடம் சொன்னேன். அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. "பொம்பளையா?" என்று ஒரே ஒரு தடவை கேட்டார். அடுத்த சுரங்கம் முடியும்வரை பேசவில்லை.

லோனாவாலாவைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். சிக்கி என்கிற கடலை மிட்டாய்க் கடைகளும் கார்களும். ஆனால் காலையில் துங்கார்லி அணைக்கு நடந்து ஏறினால், ஊர் கீழே சின்னதாகி, சத்தம் அறுந்துபோகிறது. இந்த வட்டாரத்து ஏரிகளெல்லாம் மனிதன் கட்டியவை. வல்வண், லோனாவாலா, ஷிரவ்டா ஏரிகளின் தண்ணீரைக் குழாய் வழியாக மலையிலிருந்து கோப்போலிக்கு இறக்கி, 1915இல் டாடாக்கள் மின்சாரம் எடுத்தார்கள். பம்பாய் மில்கள் அதில் ஓடின. நகரத்தின் அவசரத்துக்கே இங்கிருந்துதான் தண்ணீர் இறங்கியிருக்கிறது. அணைமேல் உட்கார்ந்திருந்தபோது, முதல் தடவையாக நான் மணி பார்க்கவில்லை என்று எழுத ஆசைதான். பார்த்தேன். நாலு தடவை.

திரும்பி இறங்கும் வண்டிதான் சித்தப்பா சொன்ன இறக்கம். வழியில் ஸ்டேஷன் என்று சொல்ல ஒன்றுமில்லாத ஓரிடத்தில், காட்டுக்கு நடுவில், வண்டி நின்றது. நான் வழக்கம்போல எட்டிப் பார்த்து, "சிக்னலா?" என்று சலித்துக்கொண்டேன். "இல்ல. பிரேக் பிடிக்குதான்னு காட்டச் சொல்லுதான்." இறங்குகிற வண்டி இங்கே நின்று காட்டினால்தான் மேற்கொண்டு வழி கிடைக்கும். அதுவரை தண்டவாளம் வேறு பக்கம் திருப்பியே வைத்திருக்கும். அந்தப் பக்கம் மேட்டில் ஏறி முடிகிற ஒரு மொட்டைப் பாதை. கேட்ச் சைடிங். பிரேக் பிடிக்காமல் ஓடிவரும் வண்டி அந்த மேட்டில் ஏறித் தானாக மூச்சடங்கி நிற்கும். "இத்தன வருஷத்துல நீங்க போயிருக்கீங்களா அதுல?" "போயிருந்தா உங்கிட்ட பேசிட்டு இருப்பேனா?" வண்டி ஒரு நிமிடம் நின்றது. காற்றில் சூடான இரும்பு வாசனை. பிறகு கிளம்பியது.

கல்யாணில் அவரை இறக்கிவிடலாம் என்றுதான் இருந்தேன். வண்டி கல்யாணை நெருங்கும்போது, தீபாவளிக்கு இன்னும் மூன்று நாள் இருக்கிறதே என்றார். நான் பையை எடுத்துக்கொண்டு, எத்தனையோ நிமிடம் முன்னாலேயே கதவோரம் போய் நின்றிருந்தேன். திரும்பி வந்து உட்கார்ந்தேன். "எங்க வீட்டுக்கு வாங்க" என்றேன்.

அடுத்த நாள் காலை அவரைப் பவாய் ஏரிக்குக் கூட்டிப்போனேன். இருபது வருஷமாக லிங்க் ரோடு பஸ்ஸிலிருந்து பக்கவாட்டில் பார்த்த ஏரி, ஒரு நாளும் இறங்கியதில்லை. 1891இல் குடிதண்ணீருக்கென்று கட்டி, தண்ணீர் சரியில்லை என்று கைவிட்ட ஏரி. கரையைச் சுற்றி சைக்கிள் பாதை போட மாநகராட்சி கிளம்பியபோது உயர் நீதிமன்றம் 2022இல் கூடாதென்று நிறுத்தியது. அதனால் கரையில் ஒரு பகுதியாவது இன்னும் சேறும் நாணலுமாக இருக்கிறது. முதலைகள் இருப்பதாக எச்சரிக்கைப் பலகை. அவ்வளவு கட்டடங்களுக்கு நடுவில் முதலையாவது என்று நான் நம்பியதில்லை. பக்கத்தில் வாக்கிங் வந்த பெரியவர் ஒருவர் சேற்றுத்திட்டைக் காட்டினார். கட்டை என்று நான் நினைத்துத் தாண்டி வந்தது, கட்டை இல்லை. வெயில் காய்ந்துகொண்டிருந்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது.

"கேக்டா மாதிரியே கிடக்கு பாரு" என்றார் சித்தப்பா.

அசையும் என்று காத்திருந்தோம். ரோட்டில் எங்கள் பஸ் ஒன்று போனது, அப்புறம் இன்னொன்று. மூன்றாவது வந்தபோது நான் எழுந்திருக்கவில்லை.